மூன்று நிமிடம், கிடைமட்டம்

"மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம்,
படம் கிடைமட்டமாக இருக்கட்டும்"
என்று பள்ளியிலிருந்து சீட்டு வந்தது.
என்னிடம் இருப்பது நாற்பத்தொரு நிமிடம்,
அத்தனையும் செங்குத்து.
எராஸ்மோ போனைப் பிடிப்பது
மெழுகுவர்த்தி பிடிப்பது மாதிரி.

பகலெல்லாம் பள்ளி வேன் ஓட்டுகிறேன்.
புன்தா அரீனாஸில் காற்று வேனைத் தோளால் இடிக்கும்.
தெருமுனையில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு
ஆட்கள் சாய்ந்தே நடப்பார்கள்.
இரவு பத்துக்கு மேல்தான்
எனக்கும் பழைய மடிக்கணினிக்கும் பேச்சுவார்த்தை.

முதல் மென்பொருள் இறங்கவே ஒரு மணி நேரம்.
திறந்தால் விமானி அறை:
பதினான்கு தடங்கள், வண்ணச் சக்கரம்,
ஒலிக்கு ஒரு மலைத்தொடர்.
குருவி தலையில் பனங்காய்.
விசிறி வீறிட்டது, திரை உறைந்தது,
கணினி தன்னைத்தானே அணைத்துக்கொண்டது.
மானமுள்ளது.

இரண்டாவது இனிக்க இனிக்கப் பேசியது,
இலவசம் இலவசம் என்று.
சேமித்த பிறகு பார்த்தால்
அனாஹியின் நெற்றியில் அதன் பெயர்,
கம்பளி ஆட்டின் முதுகில் சாயம் பூசியதுபோல்.
அழிக்க மாதம் இவ்வளவு பெசோ.
ஏழு நாள் கழித்து
அட்டையிலிருந்து அதுவே எடுத்துக்கொள்ளுமாம்.
எனக்குத் தெரிந்த வட்டிக்காரன்கூட
கதவைத் தட்டித்தான் கேட்பான்.

மூன்றாவதைச் சொன்னவர் டயர் கடை தெயோதோரோ.
"நாலே பொத்தான். பார்க்க அசிங்கம். வேலை செய்யும்."
சாம்பல் நிறச் சன்னல்.
கத்தரி, சட்டம், திருப்பு, சேமி.
என் முதல் வேனும் இப்படித்தான்.
ரேடியோ கிடையாது, ஹீட்டர் பாதி உயிர்,
சாவியைத் திருப்பினால் கிளம்பும்.

வெட்டுவது எளிது.
முதல் பன்னிரண்டு நிமிடம் நாடா கட்டுவது.
போகட்டும்.
அடுத்த ஆறு நிமிடம் இருட்டு:
ஓடுகிறது என்று தெரியாமல்
போனைப் பையில் போட்டிருக்கிறான்.
துணி உரசும் சத்தம். நடுவே அவன் குரல்,
யாரிடமோ எரிவாயுக் கட்டணம் பற்றி.
ஒருமுறை முழுதாகக் கேட்டுவிட்டு
அதையும் வெட்டினேன்.

சட்டம்தான் கஷ்டம்.
நெட்டைப் படத்தின் மேல் அகலச் சட்டம்.
மேலே நகர்த்தினால் முகம்,
கீழே இறக்கினால் சறுக்குக் காலணி.
இரண்டும் ஒன்றாய் அடங்காது.
அவள் விழாமல் ஒரு சுற்று முடித்தாள்
என்பதற்குக் கால் சாட்சி.
அதை அவளே நம்பவில்லை
என்பதற்கு முகம் சாட்சி.

கீழ் மூலையில்
இளஞ்சிவப்பாய் ஒரு மேகம் வேறு.
எராஸ்மோவின் கட்டைவிரல்.
வாடகை தராமல் நாற்பத்தொரு நிமிடமும்
அங்கேயே குடியிருக்கிறது.
கால் வேண்டுமென்றால் விரலும் வரும்.

முகத்தில் வைத்தேன். பனித்தரை சுத்தமாக இருந்தது.
மாத்தே குவளையோடு பின்னால் வந்து நின்றான்.
கொஞ்ச நேரம் பார்த்தான்.
"யாஸ்னா, நான் இருந்த ஒரே இடம் அதுதான்."
கோபமா விளையாட்டா, குரலில் பிடிபடவில்லை.
குவளையை நீட்டினான். உறிஞ்சினேன்.
ஆறிப்போயிருந்தது.

இந்த மென்பொருளில் ஓடும்போது சட்டம் நகராது.
ஒரு துண்டுக்கு ஒரு சட்டம், அவ்வளவுதான் அதன் படிப்பு.
ஆகவே துண்டு துண்டாய் வெட்டினேன்.
முகம். முகம். வேலியில் மோதும் ஒரு சிறுவன்.
முகம்.
சுற்று முடிகிற இடத்தில்
பதினோரு விநாடி கால்,
மூலையில் விரல்,
குளிரில் லேசாக நடுங்கியபடி.
இதற்கு முன் அந்த நடுக்கத்தை நான் கவனித்ததில்லை.

ஒட்டிப் பார்த்தால்
மூன்று நிமிடம் ஏழு விநாடி.
சேமிக்கட்டுமா என்று கேட்டது.
எந்த ஏழு என்று எனக்கும் தெரியும்,
அவனுக்கும் தெரியும்.
சேமி என்றேன்.
டீச்சர் வேண்டுமானால் வெட்டிக்கொள்ளட்டும்,
அவரிடம் என்ன மென்பொருள் இருக்கிறதோ.